என் பெயரில் ஒரு கார்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் இன்னும் படபடப்பு அடங்காமல் கிடக்கிறது. நீயும் மருமகளும் நலமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய காகிதங்கள் வந்துவிட்டன, கையெழுத்துப் போட்டு அனுப்ப இத்தனை நாளா என்று கேட்டிருந்தாய். காரணத்தைக் கேள், நீயும் ஆடிப்போவாய்.

அப்பா ஆறு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுத அந்தப் பழைய கார், அதுதான் என் சக்களத்தி, ஒருவழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய இரும்புக் கடையில் கோழி அடைந்துகிடந்த வண்டி, இப்போது முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி மினுங்குகிறது. பதிவைத் தன் பெயருக்கு மாற்ற அப்பா என்னையும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே குமாஸ்தா பழைய பதிவேட்டைப் புரட்டி, முதல் சொந்தக்காரர் ஒரு டாக்டர், அடுத்தவர் ஒரு சினிமாக் கொட்டகைக்காரர் என்று வாசித்துக்கொண்டே வந்து, மூன்றாவதாக என் பெயரை வாசித்தார். என் அப்பா பெயர், நான் பிறந்த வீட்டு விலாசம், கீழே சுழித்துக் கோடு இழுத்த என் கையெழுத்து. அதற்குப் பிறகு எத்தனையோ கை மாறியும் யாரும் பெயர் மாற்றவில்லையாம். "வண்டி இன்னும் இவங்க பேர்லதாங்க இருக்கு" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு மர வியாபாரியிடம் டைப் அடித்தேன் இல்லையா, அவர் கடை சாத்துகிற நேரமாகப் பார்த்து ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுவார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி இருக்கும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போவேன். இதைச் சொன்னால் அப்பா நம்புகிறவராகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "எந்த முதலாளி டைப் அடிக்கிற பொண்ணு பேர்ல கார் வாங்குவான்?" என்று கேட்டார். முப்பத்தைந்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்திய மனுஷன். உடைந்துபோய்விட்டேன் ராசா. மூன்று நாள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் அவரே போய் அந்தக் கடையின் பழைய கணக்குப்பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறார். கிழவர் சிரித்தாராம். வரிக்குப் பயந்து முதலாளி எல்லார் பெயரிலும் எதையாவது வாங்கிப் போட்டாராம், கடை பெருக்குகிற அம்மா பெயரில் இரண்டு லாரி இருந்ததாம். அப்பா வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அந்த வார்த்தை அவர் வாயில் வராது. கார் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

அதிலிருந்து ஒரு பயம் பிடித்துக்கொண்டது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிற காகிதம் ஒன்று விடாமல் படிக்கிறேன். நீ அனுப்பியதையும் எடுத்தேன். ஏதோ பாங்கி சம்பிரதாயம், குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்மா என்று போனில் சொன்னாய். நீயும் பென்சிலில்தான் குறி போட்டிருக்கிறாய். மூன்றாம் பக்கத்தில், என் பெயரில் இருக்கிற இந்த வீட்டை நான் உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாக இருக்கிறது. இரண்டு முறை படித்தேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை நனைக்காதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். காகிதங்களை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், குறிகளை நானே அழித்துவிட்டேன். வீடு வேண்டுமென்றால் நேரில் வந்து, அம்மா வீட்டைக் கொடு என்று வாயைத் திறந்து கேள்.

என்றும் உன்
அம்மா