அப்பாவின் புறா

அன்பு மகள் ஷீனாவுக்கு,

மக்டஃபிலிருந்து அம்மா எழுதுவது. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் இஸ்லாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அப்படி எழுதலாமா கூடாதா என்றுதான் தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கொட்டும் மழையில் அப்பா துறைமுகப் படியில் வழுக்கி விழுந்துவிட்டார், பயப்படாதே, நெற்றியில் நாலு தையல்தான். ஆஸ்பத்திரியில் புது டாக்டர், லண்டன் பெண், எப்படி இருக்கீங்க என்று கேட்டிருக்கிறாள். இவர் வழக்கம்போல, "புறா கொத்திக்கிட்டுதான் இருக்கு, ஆனா நான் டிரூக்கிட்" என்றாராம். அவள் அதை ஏதோ மாத்திரை என்று நினைத்து எத்தனை வேளை என்று கேட்டிருக்கிறாள். "மழை விடுற வரைக்கும்" என்றிருக்கிறார் இவர். உடனே அவள் புத்தித் தடுமாற்றம் என்று எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் போய், "எங்க ஊர்ல நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டோம்மா, உன் புறா எப்படின்னுதான் கேப்போம், கொத்துதுன்னா சுகம்னு அர்த்தம், டிரூக்கிட்னா தொப்பலா நனைஞ்சுட்டேன்னு அர்த்தம்" என்றேன். முகம் சிவக்கச் சிரித்து, எழுதியதை அடித்துவிட்டாள். தெருவெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மறுநாளே எனக்கும் அதே பாடம் கிடைத்தது. கட்டுப்போட்ட தலையோடு அப்பா நிற்கும் படத்துக்கு உன் மகள் இஸ்லா "தாத்தா தீ" என்று பதில் அனுப்பியிருந்தாள், நான் அடுப்பைப் பார்க்க ஓடினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேச்சில் தீ என்றால் பிரமாதம், அது பாராட்டு என்று ரொட்டிக்கடைப் பெண் சொல்லித்தான் தெரியும்.

ஆனால் சனிக்கிழமை உன் வில்லி மாமா வந்து, "என்ன ஜோர்டி, புறா எப்படிப்பா?" என்று கேட்டதும், அப்பா எழுந்து போய் ஜன்னலைத் திறந்து கூரையெல்லாம் பார்த்தார். "ஒண்ணையும் காணோமே வில்லி" என்றார். மாமா விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. அது விளையாட்டா, நிஜமா? நாற்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நேராகக் கேட்கவும் வாய் வரவில்லை. என் பேச்சை நம்பித்தானே அந்த டாக்டர் பெண் புத்தித் தடுமாற்றம் என்று எழுதியதை அடித்தாள். வியாழக்கிழமை தையல் பிரிக்கப் போகும்போது, திரும்ப எழுதிக்கொள் தாயே என்று நானே சொல்லப் போகிறேன்.

நீ வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. இஸ்லாவுக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். மூவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, அப்பாவோடு நம் ஊர்ப் பேச்சிலேயே பேசு, சோதிப்பதுபோல் மட்டும் வேண்டாம். உனக்கு என்ன தோன்றினாலும் போனில் சொல்லாதே, அவர் பக்கத்தில்தான் இருப்பார். கடிதமாக எழுது.

உன் அம்மா,
ஐனா வாட்