வரிசையில் நின்ற பிள்ளையார்

6 ஜூன் 2002

இன்றும் இல்லை. ரேஷன் கடைக் கதவில் சாக்கட்டியால் “மண்ணெண்ணெய் இல்லை” என்று எழுதியிருக்கிறது. போன வாரம் எழுதியது. என்றைக்கு வரும் என்று கூட ஒரு வார்த்தை எழுதினால் கடைக்கார மாணிக்கவேலுக்குக் கை தேய்ந்துவிடும் போல. கேட்டால், “லாரி வந்தா தெரியும்” என்பார். அது எங்களுக்கும்தான் தெரியும்.

கடையில் போன் கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது. அதனால் நான்தான் போன். தினமும் அம்மா அனுப்புகிறாள். போய்க் கதவைப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தது இதற்குத்தான்.

11 ஜூன்

லாரி வந்தது. விடியும்போதே போய் ஐந்தாவது ஆளாக நின்றேன். வெறுங்கேனோடு திரும்பி வந்தேன்.

எங்கள் தெருவில் ஆள் நிற்க வேண்டியதில்லை. பீங்கான் சாமான் செய்யும் செராமிக் எஸ்டேட்டின் பின்னால், பழுது என்று கொட்டிக் கிடக்கும் ரிஜெக்ட் ஒன்றை முதல் நாளே கடை வாசலில் வைத்துவிட்டால் போதும், அது ஆள். கைப்பிடி இல்லாத ஜாடி என்றால் கொளஞ்சியம்மாள். உடைந்த பியூஸ் கட்டை என்றால் சைக்கிள் கடை பாவாடை. செங்கல்லையோ செருப்பையோ வைத்தால் எட்டி உதைப்பார்கள். சூளையில் வெந்ததற்குத்தான் மரியாதை.

நான் வேகவில்லை, உயிரோடு நின்றேன். அதற்கு மரியாதை இல்லை.

“ஏன்டி இளமதி, என் ஜாடி கண்ணுக்குத் தெரியலையா? தள்ளு” என்றாள் கொளஞ்சியம்மாள். தள்ளினேன். பாவாடை வந்தார். தள்ளினேன். பாவாடையின் மச்சான் வந்தார், அவருக்கு வைத்த பொருளும் இல்லை, வெட்கமும் இல்லை. அவருக்கும் தள்ளினேன். இப்படியே எல்லோருக்கும் தள்ளி, என் முறை வந்தபோது பீப்பாய் காலி. “ஏய் பொண்ணு, அடுத்த மாசம்” என்றார் மாணிக்கவேல். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா எஸ்டேட் வாசலில் இட்லிக் கடை போடுகிறாள். பம்ப் ஸ்டவ் எரிந்தால்தான் கடை. கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு மாசமா இதே கதை. அடுத்த மாசமும் இப்பிடியே வந்தீன்னா பெண்ணாடம் மாமா வூட்டுக்குப் போயிடு. மாட்டையும் புள்ளைங்களையும் பாத்துக்க ஆளு வேணுமாம் மாமிக்கு. வாயில்லாத புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?”

மாமி என்னைக் கூப்பிடுவதும் மாட்டைக் கூப்பிடுவதும் ஒரே குரலில்தான். போனால் திரும்ப முடியாது. கல்யாணம் வரை அங்கேதான்.

12 ஜூன்

வாய் இருக்கிறது. திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதுதான் பிடிக்கவில்லை.

2 ஜூலை

எஸ்டேட் குப்பைக்குப் போனேன். வாட்ச்மேன் ஜெயராஜ் அண்ணன் உள்ளே விட்டார். நல்ல ரிஜெக்ட்டெல்லாம் ஏற்கெனவே தெருவுக்குப் போய்விட்டது. (நல்ல ரிஜெக்ட். எழுதிப் பார்த்தால்தான் சிரிப்பு வருகிறது.) கடைசியில் ஒரு பிள்ளையார் கிடைத்தார். வர்ணம் பூசாத வெள்ளை. முதுகில் காது வரைக்கும் விரிசல்.

8 ஜூலை

லாரி நாளை வருகிறதாம். சொன்னது பாவாடை, அவருக்குச் சொன்னது யாரோ. அப்படித்தான் தெரியவேண்டியிருக்கிறது இந்த ஊரில். சாயங்காலம் பிள்ளையாரை நான்காவதாக வைத்தேன். எனக்குப் பின்னால்தான் ஜாடி வந்தது. கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

9 ஜூலை

காலையில் போனால் வரிசையில் பிள்ளையாரைக் காணோம்.

வேப்பமரத்தடியில் இருந்தார். செங்கல் மேல் உட்கார்ந்து, மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு, தலையில் செம்பருத்தியோடு. முன்னால் கற்பூரம் எரிந்து கறுத்திருந்தது.

“யாரோ தெரியாத்தனமா வரிசையில வச்சிட்டுப் போயிருக்குதுங்க. கால் படுமில்ல. நான்தான் நவுத்தி வச்சேன்” என்று கொளஞ்சியம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் ஜாடி இப்போது நான்காவது. பக்திக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பாவாடை கன்னத்தில் போட்டுக்கொண்டார். “விரிசலப் பாருங்க, பூணூலு மாதிரியே ஓடுது.”

இவர்களுக்கா நான் பயந்தேன்?

பயந்தேன்தான். வரிசைக் கடைசிக்குப் போய்ச் சாக்கடை ஓரம் நின்றேன். லாரி வந்து பீப்பாயை இறக்கியது. எனக்கு முன்னால் இருந்த கேன்களைப் பார்த்தேன். என் முறை வரை எண்ணெய் வராது. மாமியின் குரல் காதில் கேட்டது. என்ன செய்கிறேன் என்று யோசிப்பதற்குள் மரத்தடிக்குப் போய்ப் பிள்ளையாரைத் தூக்கிவிட்டேன்.

“ஏய், சாமிய எங்கடி தூக்குற?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

“இது என் ஆளு.” குரல் கீச்சென்று வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். “நேத்து சாயந்தரம் ஜாடிக்கு முன்னாடி நான் வச்சது. எஸ்டேட்டு குப்பையில எடுத்தது.”

“வாய்ல போடு. சாமியப் போயி குப்பைங்கறா.”

“இவரு சாமின்னா உங்க ஜாடியும் சாமிதான் பெரியம்மா. ஒரே சூளையில வெந்ததுங்க. அதையும் மரத்தடியில வச்சிக் கும்புடுங்க. உங்க எடத்துல நான் நிக்கிறேன்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். கொளஞ்சியம்மாள் மட்டும், “பாவம் புடிச்சிக்கும்டி” என்றாள்.

“கிருஷ்ணாயில் வாங்கினப்புறம் புடிச்சிக்கட்டும்.”

பிள்ளையாரை நான்காம் இடத்தில் இறக்கிவிட்டுப் பின்னாலேயே நின்றுகொண்டேன். அவர் மேல் கால் படக்கூடாதே, யாரும் என்னை நெருங்கவில்லை. மாணிக்கவேல் என் கேனை நிரப்பிக்கொண்டே பாவாடையிடம் கேட்டார்: “இது பேசுமா?”

கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எண்ணெய் காலில் சிந்திவிட்டது. அம்மா கேனை வாங்கி ஸ்டவ்வுக்கு ஊற்றினாள்.

10 ஜூலை

ஆராயி மகளுக்குத் திமிர் என்று தெருவில் என்னைப் பற்றிப் பேச்சு. நேற்று முன்தினம் வரை வாயில்லாத பிள்ளை. ஒரே நாளில் பதவி உயர்வு.

15 ஜூலை

மாமாவுக்குக் கார்டு எழுதச் சொன்னாள் அம்மா. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவள அனுப்ப முடியாது, இங்க கடைகண்ணிக்கு ஆளு வேணும்னு எழுது.” அவளை என்றால் என்னை. என்னைப் பற்றி நானே எழுதினேன். கை நோகவில்லை.

இதற்கே தபால் ஆபீசுக்கு மூன்று நடை. கார்டு தீர்ந்துவிட்டதாம், கார்டு விற்கிற இடத்தில். எப்போது வரும் என்று கேட்டேன். கேட்டது நான்தான். கவுன்டரில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு மேஜையைத் துழாவி ஒன்று எடுத்துக் கொடுத்தாள். இவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது?

அன்று என்னோடு வந்த பிள்ளையார் இப்போது இட்லிக் கடையில் இருக்கிறார். அம்மா பூ வைக்கிறாள். அம்மாவுமா. அவளை மட்டும் திட்ட முடியாது.

6 ஆகஸ்டு

லாரி வரும் நாள். காலையில் போனால், கடை வாசலில் பிள்ளையார்கள். சுவர் முனை வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளையார்கள். ஜாடி இல்லை, பியூஸ் கட்டை இல்லை. சதுர்த்திக்கு வார்த்துப் பழுதானவை; தெருவே எஸ்டேட் குப்பையைக் கிளறியிருக்கிறது. எல்லாம் ஒரே அச்சு, எல்லாம் வெள்ளை. எது யாருடையது என்று வைத்தவர்களுக்கே தெரியவில்லை.

“காது ஒடிஞ்சது என்னுது.”

“எல்லாத்துக்குந்தான் காது ஒடிஞ்சிருக்குது, நல்லாப் பாரு.”

சாமியாயிற்றே, தள்ளி வைக்கவும் பயம். கொளஞ்சியம்மாள் என்னைப் பார்த்து, “உன் புள்ளையாரு எங்கடி?” என்றாள்.

“கடையில இட்லி பாத்துக்கறாரு.”

லாரி பீப்பாயை இறக்கிவிட்டுப் போனதும் மாணிக்கவேல் கதவைத் திறந்து சண்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ யாருக்குப் பின்னாடிம்மா?”

“யாருக்கும் பின்னாடி இல்லைங்க. நான் ஆளா நிக்கிறேன்.”

கேனை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். நான் திரும்பி நடந்தபோது ஒடிந்த காது யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை.