உன் மகளை நான் மருமகளாக்கவில்லை

என் கூடப்பிறந்த முருகேசு, எந்த ஊர்ல இருந்தாலும் வெயில் படாம நல்லா இருடா அப்பு.

நாளை மறுநாள் உன் நினைவு நாள். வருசா வருசம் கன்னிவாடித் தோட்டத்துல உன் படத்துக்கு மாலை போட்டு, பங்காளிகளைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். இந்த வருசம் நான் வரமாட்டேன். நாளைக்கு மதுரையில ஆஸ்பத்திரியில சேரணும். நெஞ்சைத் திறந்து பைபாஸ் பண்றாங்க. அதனால சொல்ல வேண்டியதை எழுதி உன் மக காவ்யாகிட்ட கொடுத்துட்டுப் போறேன். சாப்பாட்டுக்கு முந்தி எல்லார் முன்னாடியும் அவ இதை வாசிப்பா. உனக்குத்தான் எழுதுறேன், ஆனா பங்காளிக காதுலயும் விழணும்.

முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடுறேன். காவ்யாவுக்கும் என் மகன் கார்த்திக்கும் கல்யாணம் நடக்காது. அவ சடங்கு அன்னைக்கு நீ என் கையைப் பிடிச்சு, "அக்கா, இவ உன் வீட்டுக்குத்தான்"னு சொன்ன. நானும் "வேற எங்கடா விடப்போறேன்"னு சொன்னேன். பெரியவங்க பேச்சோட அது நிக்கல, அதுக ரெண்டும் மனசுலயும் வச்சிருந்துச்சுக. தை மாசம் முடிக்கலாம்னு மண்டபம் வரைக்கும் பார்த்தாச்சு. நான்தான் நிறுத்தினேன்.

ஏன்னு கேட்பல்ல? சொல்றேன்.

போன வருசம் திண்டுக்கல்ல என் வீட்டுத் தையல் மிஷின்ல உட்கார்ந்திருந்தப்ப இடது கை மரத்து, வேர்த்து ஊத்திடுச்சு. உன் மச்சான் ஓடிப்போய் சோடா வாங்கிட்டு வந்தாரு. நம்ம வீட்டு வைத்தியம் அதுதானே? அப்பா முருங்கைக் காட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தப்ப ஓமத் தண்ணி கொடுத்தோம். உனக்கு நெஞ்சு வலிச்ச அன்னைக்கு நீ போன்ல, "வாய்வுக்கா, செத்த நேரம் படுத்தாச் சரியாப்போகும்"னு சொன்ன. படுத்தவன் எந்திரிக்கவே இல்ல. ஜாக்கெட் வாங்க வந்த டீச்சரம்மா ஒருத்தங்க உன் மச்சான்கிட்ட சண்டை போட்டு என்னை ஆட்டோவுல ஏத்துனாங்க. அதான் இன்னும் எழுதிக்கிட்டிருக்கேன்.

டாக்டர் எல்லாம் பார்த்துட்டு, "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல இறந்திருக்காங்களா?"ன்னு கேட்டாரு. நான் பெருமையாச் சொன்னேன், "எங்க வீட்ல யாரும் படுக்கையில கிடந்து சீரழிஞ்சதில்ல சார். எல்லாம் பொசுக்குனு போனவங்கதான்." அவர் பேனாவைக் கீழ வச்சுட்டு என் குதிகாலைப் பார்க்கணும்னாரு.

குதிகாலுக்கு மேல நரம்பு தடிச்சு, கட்டி மாதிரி இருக்குமே, நம்ம ரெண்டு பேருக்குமே உண்டு. மிஷின் மிதிச்சுக் காய்ச்சது சார்னேன். உனக்கு இருந்ததைச் செருப்பு உரசினதுன்னு சொல்வோம். அப்பாவுக்கு இருந்ததை வேலை செஞ்ச கால்னு சொல்வோம். டாக்டர் சிரிக்கல. "அது காய்ப்பு இல்லம்மா, கொழுப்பு. நீங்க சாப்பிட்டு வந்தது இல்ல, பிறக்கும்போதே கொண்டு வந்தது"ன்னாரு. அப்பாகிட்ட இருந்து நமக்கு. ஆம்பளைங்களுக்கு முந்தி வருமாம், பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் தள்ளி வருமாம்.

அப்பா போனப்ப ஊரே என்ன சொல்லுச்சு? கொடுத்து வச்ச சாவுன்னு சொல்லுச்சு. நீ போனப்பவும் அதையே சொன்னாங்க. புள்ளையக் காலேஜுக்கு அனுப்ப வேண்டிய நேரத்துல போறது கொடுத்து வச்சதாடா?

கார்த்திக்கும் காவ்யாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ரெண்டு பேருக்கும் இருக்கு. இந்த வயசுல பிடிச்சுட்டதால மாத்திரையை விடாமப் போட்டா நல்லா இருப்பாங்கன்னு டாக்டர் தைரியம் சொன்னாரு. கல்யாணப் பேச்சைச் சொன்னதும் அவர் முகம் மாறிப்போச்சு. அப்பன் ஆத்தா ரெண்டு பேர்கிட்டயும் இருந்து ஒரே பிள்ளைக்கு இது இறங்கினா, அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போற வயசுலயே மாரடைப்பு வரலாமாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு அதுக்கு இடம் இருக்காம். கருவை வெளியில சோதிச்சு, நோவு இல்லாததை வயித்துல வைக்கிற வழி பெரிய ஊர்கள்ல இருக்குன்னும் சொன்னாரு, மறைக்கல.

கார்த்தி, "பிள்ளையே வேணாம்மா, இல்லாட்டி அந்தச் சோதனையைப் பண்ணிக்கிறோம்"னான். காவ்யா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நீங்க சொல்றதுதான் அத்தை"ன்னா. அம்புட்டுப் பாரத்தையும் என் தலையில வச்சுட்டா. கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் போனா விசேசம் உண்டான்னு கேட்கிற ஊர்டா இது. ஆசைப்பட்டு ஒண்ணைப் பெத்து, அதைப் பள்ளிக்கூட யூனிபார்மோட தூக்கிக்கிட்டு வந்தா யார் பார்க்கிறது? நான் வேணாம்னேன். கார்த்தி ஓசூருக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டான். போன் பண்ணா அப்பாகிட்ட மட்டும் பேசுறான்.

நான் செஞ்சது சரியா அப்பு? நீ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?

உன் பொண்டாட்டி செல்வி என் கையைப் பிடிச்சு அழுதா. "மதினி, நோவுன்னு மட்டும் வெளிய சொல்லிப்புடாதீங்க. அப்பனும் இல்ல, நோவும் இருக்குன்னா எம் புள்ளைய எவன் கட்டுவான்?" அவ கேட்டதுல நியாயம் இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். திண்டுக்கல்காரிக்கு இப்ப பெரிய இடத்துச் சம்பந்தம் கேட்குது, அப்பன் இல்லாத புள்ளையக் கழட்டி விட்டுட்டான்னு கன்னிவாடி முழுக்கப் பேசுனாங்க. என் காதுபடவே பேசுனாங்க. எனக்கு வாய் எம்புட்டு நீளம்னு உனக்குத் தெரியும். ஆனாலும் கம்முனு இருந்தேன்டா.

அப்புறம் போன மாசம் நம்ம சித்தப்பா மகன் பாண்டி போயிட்டான். உன்கிட்ட வந்து சேர்ந்திருப்பான். கொடைரோட்டுல ஒரு டீக்கடையில, வாய்வு அடைச்ச மாதிரி இருக்குன்னு சோடா வாங்கிக் குடிச்சுக்கிட்டே சாஞ்சிருக்கான். அவன் பிள்ளைக ரெண்டும் இன்னும் சின்னஞ்சிறுசுக. பாடையில வச்சப்ப அவன் குதிகாலைப் பார்த்தேன். அங்கயும் அதே கட்டி.

அன்னைக்குக் காவ்யா என்னையும் செல்வியையும் வீட்டுக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனா. "எனக்கு மாப்பிள்ளை கிடைக்கணும்னு பாண்டி சித்தப்பாவைக் கொடுத்துட்டோமா அத்தை?"ன்னு கேட்டா. "எல்லாரையும் கூட்டிவச்சுச் சொல்லுங்க. என் பேரையும் போட்டே சொல்லுங்க"ன்னா. செல்வி முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "சொல்லுங்க மதினி"ன்னு சொன்னா. கார்த்திகிட்டயும் கேட்கணும்ல, அவன் பேரும் வருதே. மெசேஜ் போட்டேன். "எழுதிக்கோ"ன்னு ஒத்தை வார்த்தை வந்துச்சு. இத்தனை மாசத்துல என் மகன் எனக்குச் சொன்னது அம்புட்டுத்தான்.

அதனால பங்காளிகளே, என் தம்பி பேரைச் சொல்லிக் கேட்கிறேன். இன்னைக்குக் காலையில டீ கூடக் குடிக்காம வரச் சொன்னது இதுக்குத்தான். திண்டுக்கல் லேப்புல இருந்து ஒருத்தர் வந்து உட்கார்ந்திருப்பாரு. முதல்ல பாண்டி பிள்ளைக, அப்புறம் நீங்க எல்லாரும். ரத்தம் கொடுத்துட்டு இலையில உட்காருங்க. அக்காவுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறவங்க நினைச்சுக்கங்க. கறிக்கொழம்புக்கு ஆசைப்பட்டாச்சும் கையை நீட்டுங்க.

காவ்யா, இதுக்கு மேல சத்தமா வாசிக்காதம்மா. முருகேசு, இனி உன்கிட்ட மட்டும் ஒண்ணு. எனக்குப் பயமா இருக்குடா. உன் மச்சான் முன்னாடி காட்டிக்கல. இம்புட்டு வயசாச்சு, வாழ்ந்தது போதும்னு மத்தவங்களுக்கு நானே எத்தனை தரம் ஆறுதல் சொல்லியிருக்கேன். எனக்குன்னு வரும்போது போதும்னு தோணல. கண் முழிக்காமப் போயிட்டா கார்த்தி கடைசியா என்கிட்ட பேசாமப் போனதாவே ஆயிடுமே, அதுதான் நெஞ்சை அறுக்குது.

உனக்குக் கொடுத்த ஒரு வாக்கை மீறிட்டேன். இன்னொண்ணு தாரேன், இதை மீறமாட்டேன். ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள உன் மச்சான்கிட்டயும் செல்விகிட்டயும் சத்தியம் வாங்கிடுவேன், பிள்ளைக ரெண்டுக்கும் ஒரு நாள் கூட மாத்திரை தவறக்கூடாதுன்னு. உன் மகளும் என் மகனும் நீ செத்த வயசைத் தாண்டுவாங்க. வேற வேற வீட்ல, வேற வேற ஆளுகளைக் கட்டிக்கிட்டு, தலை நரைச்சு இருப்பாங்க. அப்பவும் என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும்டா. திட்டுறதுக்கு ரெண்டும் உசுரோட இருக்கணும்.

இப்படிக்கு,
உன் மகளுக்கு மாமியாராகாம அத்தையாவே நின்னுட்ட
உன் அக்கா தனலட்சுமி