மிளகு மட்டும் மிச்சம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கு நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. அதற்குக் கடிதம் எழுதும் பழக்கம் இல்லாததால் அதன் சார்பிலும் நானே எழுதுகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குழந்தைக்குச் சளி பிடித்ததும், நீ கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துச் சூடாக்கி அவன் நெஞ்சில் தடவப் போனதும், உன் தங்கை பாட்டிலைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டதும் தெரிந்தது. "பெத்தவ எனக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டாளாம். "முப்பது வருஷமா மருந்துக் கடையில கம்பவுண்டரா இருக்கீங்களே, யார் பக்கம் நியாயம்னு நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டிருக்கிறாய்.

கற்பூர விஷயத்தில் அவள் செய்ததுதான் சரி. எட்டு மாதக் குழந்தைக்கு அது ஆகாது. நெஞ்சிலும் வேண்டாம், மூக்கருகிலும் வேண்டாம். வலிப்பு வரை கொண்டுபோய் விடும். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று கடையில் நான் ஒட்டிய சீட்டுகளை அடுக்கினால் நம் வீட்டுச் சுவர் உயரம் வரும். நம் வீட்டில் மட்டும் அதை ஒட்டியதில்லை. ஒட்டும் தேவை வரவில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. இதற்கு நீ தீர்ப்புக் கேட்கவில்லை; நானாகச் சொல்கிறேன்.

நீ இல்லாததால் தெருவின் வைத்தியம் என் தலையில் விழுந்திருக்கிறது. மாடி வீட்டுத் தையல்காரர் கழுத்து வலிக்கு நீ காய்ச்சும் தைலம் கேட்டு வந்தார். கடையில் நானே அளந்து கலந்ததைக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "அதே கற்பூரம்தான் சார், ஆனா அக்கா கைப்பக்குவம் இல்ல" என்றார். முப்பது வருட அனுபவத்துக்குக் கிடைத்த சான்றிதழ் இது.

சமையலறை அலமாரியில் நீ வைத்திருந்த கற்பூரத் துண்டு கரைந்த மறுநாளே எறும்புகள் சர்க்கரை டப்பாவுக்குக் குடிவந்து விட்டன. நான் விரட்டவில்லை. வீட்டில் யாராவது நடமாடினால் நல்லதுதானே. பொடுகுக்காக நீ கற்பூரம் போட்டு வைத்த தலை எண்ணெயும் குளியலறையில் பாதியில் நிற்கிறது. தடவிக்கொள்ள எனக்கு முடி இல்லை, கொட்ட மனம் இல்லை.

இனி உன் கடைசி வரி. "குழந்தை என்னை விட்டு இருக்க மாட்டேங்குது. இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வரேன். பெட்டியில இருக்கிற என் துணியெல்லாம் பார்சல்ல அனுப்பிடுங்க." பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் என்று போனாய். பத்து மாதம் ஆகிறது. இது குற்றச்சாட்டு அல்ல, காலண்டரைப் பார்த்து எழுதியது.

பெட்டியைத் திறந்தேன். துணிகளுக்கு நடுவே நீ வைத்திருந்த கற்பூர முடிச்சுகள் ஏழும் காலி. கற்பூரம் காற்றோடு போய்விடாமல் இருக்க நீ கூடவே போட்ட மிளகு மட்டும் முடிச்சுக்கு நாலாக அப்படியே இருக்கிறது. காவலுக்கு வைத்தாய்; இருக்கிறது. கற்பூரம் போன செய்தி அதற்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

மிளகைக் குறை சொல்ல முடியாது. நீ போன நாளிலிருந்து, கடை விட்டு வந்ததும் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். பூச்சி வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். பத்து மாதத்தில் ஒரு பூச்சிகூட வரவில்லை. அதற்காக நான் அசட்டையாக இருந்துவிடவில்லை. மூடி திறந்திருந்தால் கற்பூரம் போய்விடும் என்பது கடையில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம்.

நேற்று புதுக் கற்பூரம் வாங்கி முடிச்சுகளை நிரப்பி, துணிகளோடு பார்சல் கட்டித் தபால் நிலையம் போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் மோந்து பார்த்துவிட்டு, "தீப்பிடிக்கிறதெல்லாம் எடுக்க மாட்டோம் சார். அத எடுத்துட்டுத் துணிய மட்டும் குடுங்க, இப்பவே அனுப்பிடறேன்" என்றாள். இரண்டு நிமிட வேலை. "சட்டம்னா சட்டம்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகவே துணிகளை அனுப்ப முடியாத நிலையில் இருக்கிறேன். அவை பழையபடி பெட்டியில் இருக்கின்றன. இன்று திறக்கவில்லை. நாளைக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

சளி இறங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தைக்கு இந்தப் பெரியப்பாவின் ஆசீர்வாதம். அவன் உன்னை விடாமல் பிடித்துக்கொள்வதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புதுக் கற்பூரம் இரண்டு மாதம் தாங்கும். அதற்குள் நீயே வந்து துணிகளைப் பார்த்துக்கொண்டால் நல்லது.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: முழங்காலுக்கு என் தைலத்தையே தடவிப் பார்த்தேன். தையல்காரர் சொன்னதைத்தான் அதுவும் சொல்கிறது.