கை நீட்டக்கூடாத காவல்

அன்புள்ள ஹெட்விக் அக்காவுக்கு,

உன் மூட்டுவலி தணிந்ததா? நான் நலம்.

ஞாயிறன்று பனிச்சறுக்குப் பந்தயத்தில் ஒரு கொடிக்கம்பத்துக்கு நான் காவல்; ஒரு கம்பத்தைச் சுற்றாமல் விட்டாலும் திரும்ப மேலேறிச் சுற்றியாக வேண்டும். மண்டல அணியில் இடம் தேடும் எங்கள் விடுதிப் பெண் வ்ரோனி, என் கண்ணெதிரே விழுந்து முழங்காலைத் திருகிக்கொண்டாள்.

“கம்பத்தச் சுத்திட்டேனா, அத்தை?”

“இல்லடி. மேல ஏறு.”

நான் தொட்டால் அவளைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். அவள் தவழ்ந்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“கை குடுத்தா விரல் தேஞ்சிடுமா, கிழவி?” என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன் கத்தினான்.

கம்பத்தைச் சுற்றி, கடைசியாக வந்து சேர்ந்தாள். அணியில் இடமில்லை. இந்தக் குளிர்காலம் முழுதும் படுக்கைதானாம்.

நீ கவலைப்படாதே. ஒரு ஜோடி கையுறை மட்டும் பின்னி அனுப்பு. என் கணவர் விட்டுப்போன ஜோடியை அன்று அங்கே நின்றபடி கடித்தே கிழித்துவிட்டேன். சூப் பொங்குகிறது, போகிறேன்.

உன் தங்கை,
யோசெஃபா