வெந்த இலையும் ஒளிர்ந்தது

தாம்பரம், 12.8.1973

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இலைச் செல்களைச் சிதைக்கும் வீரிய ஆக்சிஜன் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயம் பற்றி எழுதியிருந்தேனே. போன வாரம் ஓர் இலையை வேகவைத்துச் சோதித்தேன். ஒளிரவே கூடாத செத்த இலையும் அப்படியே ஒளிர்ந்தது. வெயிலில் சாயமே கெட்டிருக்கிறது. புட்டியை ஜன்னலோரம் வைத்தது நான்தான்.

என் ஆய்வு வழிகாட்டி துளசிங்கம் சார் சிரித்தார். "வெந்த இலைய யாருப்பா கேட்டா? பேஜார் பண்ணாம பச்ச இலைய மட்டும் எழுது."

அவர் பேச்சு அருவருப்பாக இருந்தது. ஆறு மாதம் அந்தப் பொய் வெளிச்சத்தில் மகிழ்ந்த என்மேலும் அருவருப்பு. சாரும் நானும் எழுதிய கட்டுரையில் என் பெயரை அடித்துவிட்டேன். பட்டம் கிடைக்காமலும் போகலாம்; கவலைப்படாதீர்கள். மெஸ்ஸில் இப்போது சாருக்குப் பயந்து என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இடம் தாராளம்.

கிழிந்த கறுப்புக் குடைத்துணி இருந்தால் அனுப்புங்கள். புதுச் சாயத்தைச் சுற்றிவைக்க வேண்டும். தபால்காரர் வாசல் தபால்பெட்டியைத் திறக்கிறார்; முடிக்கிறேன்.

தயாளன்