துரையின் தொடையில் கட்டி

நவம்பர் 4, செவ்வாய்
காலை முதல் தூறல். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

தவளையின் இடது தொடையில் கட்டி. போன மாதம் மிளகு அளவு, இப்போது கொண்டைக்கடலை. மேலே சிவப்பு. வீட்டுக்காரர் ஆசையாய் வாங்கிய ஆஸ்திரேலியத் தவளை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இது கண்ணாடிப் பெட்டியிலிருந்து என்னையே பார்க்கிறது. துரை என்று பெயர் வைத்ததும் அவர்தான். நான் கூப்பிட்டதில்லை.

புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன். காஸ் நெய்கிற வீட்டில் வேறென்ன செய்வார்கள். மூலைக்குத் துள்ளி ஓடிவிட்டது.

மிக்ஸி சத்தம் கேட்டால் தொண்டையை உப்பிப் பதிலுக்குக் கத்தும். இன்று சட்னி அரைத்தபோது கத்தவில்லை.

நவ. 5
புழுக்கம். உள்ளூர் மாட்டு டாக்டர்: "நம்ம ஊர் வேட்டை நாயைக் கொண்டாங்கம்மா, பரிசே வாங்க வைக்கேன். தவளைக்கு நான் எங்க போவேன்?" சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டர் பார்ப்பாளாம்.

மகள் ஜெயா போனில்: "பேசாம கண்மாய்ல விட்டுருங்கம்மா." போனை வைத்துவிட்டேன்.

நவ. 6
ஸ்ரீவி. டாக்டர் சின்னப் பெண். கையுறையை நனைத்துக்கொண்டுதான் தொட்டாள்.

"மேல என்னம்மா போட்டீங்க?"

"ஸ்பிரிட்."

"இதுக்குத் தோல்தாம்மா வாயி. மேல போட்டா குடிக்கக் குடுத்த மாதிரி."

 தவளையின் பெயர் கேட்டாள். துரை என்றேன், மெதுவாக.

ஊசியால் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். சீழ் இல்லை, புழு இல்லை. செல்கள் சரியில்லை. வெட்டி எடுக்க வேண்டும். முதலில் ஸ்பிரிட் புண் ஆறணும்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி: "ஆச்சி, டப்பால என்ன, பால்கோவாவா?"

"தவளை."

எழுந்து பின்னால் போய்விட்டாள்.

நவ. 9
மழை. வெளியே ஊர்த் தவளைகள் எல்லாம் கத்துகின்றன. இது மட்டும் கத்தவில்லை. குளோரின் போக முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரைப் பெட்டியில் மாற்றினேன். மறுபடி மாற்றினேன். செய்தித்தாள் முதல் பக்கம் தாண்டவில்லை.

நவ. 13
அறுவை சிகிச்சை. மருந்து கரைத்த தண்ணீரில் உட்கார வைத்தாள். தோல் வழியாகவே மயக்கம். தொண்டை அசைவது நின்றது.

"இதயம் ஓடுதும்மா. பயப்படாதீங்க."

பயப்படவில்லை என்றேன்.

கட்டியையும் சுற்றியுள்ள தோலையும் எடுத்துத் தையல். மேலே உப்புநீரில் நனைத்த காஸ். எங்கள் தறி யூனிட் நெசவு, பார்த்ததும் தெரிந்தது. 

நவ. 24
வெயில். சோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். வெட்டிய ஓரங்கள் சுத்தம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வாராவாரம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பூச்சி தின்றது. சத்தம் மட்டும் இல்லை.

அரைக்க ஒன்றுமில்லை. மிக்ஸியை ஓட்டினேன். வேலைக்கு வரும் முத்தம்மா எட்டிப் பார்த்தாள். "ஜார்ல ஒண்ணுமில்லியேம்மா."

"தெரியும்."

மோட்டாருக்குக் கெடுதல். மறுபடி ஓட்டினேன். நிறுத்தினேன். "துரை, பதில் சொல்லு" என்றேன்.

தொண்டை லேசாக உப்பியது.